"ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் மச்சி!"

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேன்டீன் வாசலில் என்னை மடக்கிக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "எத்தனை பக்கம்? ஆறேழு பக்கம்தானே? ரெண்டு நாள்ல தர்றேன்" என்றேன். அந்த ரெண்டு நாள் முடிந்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. செயலாளர் என்னைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் நான் டிராயிங் ஹாலில் இருப்பேன். டிராயிங் ஹாலுக்கு வந்தால் நூலகத்தில் இருப்பேன். கடைசியில் பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டார்.

அப்போதுதான் தோன்றியது. வேறு எதைப் பற்றியோ எழுதுவதைவிட இதைப் பற்றியே எழுதினால் என்ன? ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் போடும் கணக்கு ஏன் எப்போதும் தப்பாகிறது? முட்டாள்தனமா, சோம்பேறித்தனமா, அல்லது வேறு ஏதாவதா?

"மாணவர்கள் சோம்பேறிகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று ராத்திரி கண் விழித்து மூன்று ரெக்கார்டு எழுதுகிறவன் சோம்பேறியாக இருக்க முடியாது. அவனிடம் உழைப்பு இருக்கிறது. இல்லாதது அளவு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும்

போன ஆண்டு நடந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மூன்று ரெக்கார்டு வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 12 சோதனைகள், ஆக மொத்தம் 36. வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் வரும்போது மனதுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டேன். அப்சர்வேஷன் நோட்டில் எல்லாம் இருக்கிறது, பார்த்து எழுத வேண்டியதுதான். ஒரு சோதனைக்கு 20 நிமிடம். 36 சோதனைக்கு 12 மணி நேரம். வெள்ளி ராத்திரி 3 மணி நேரம், சனிக்கிழமை 5, ஞாயிறு 4. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப் போகலாம்! கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்!

ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்தேன். ஹைட்ராலிக்ஸ் அப்சர்வேஷன் நோட்டைக் காணோம். யோசித்துப் பார்த்தால் அதை ஒரு நண்பன் வாங்கிப் போயிருந்தான். அவன் ஊர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ். சனிக்கிழமை காலை அங்கே போய் வந்தேன். வந்து பார்த்தால் கிராஃப் ஷீட் இல்லை. கடைக்குப் போனேன். ஒரு சோதனையில் ரீடிங் எடுத்திருந்தேன், கணக்குப் போடவே இல்லை. இன்னொன்றில் கணக்கு இருந்தது, விடை தப்பு என்று சார் சிவப்பு மையில் சுழித்திருந்தார், நான் திருத்தவே இல்லை. வென்சுரி மீட்டர் படத்தை இரண்டு தடவை அழித்து வரைந்தேன்.

ஒரு சோதனைக்கு 20 நிமிடம் என்று போட்டது 50 நிமிடம் பிடித்தது. 12 மணி நேரம் என்றது 30 மணி நேரம் ஆனது. ஞாயிறு காலை 8 மணிக்கு உட்கார்ந்தவன் சாப்பிட மட்டும் எழுந்து, திங்கள் விடியற்காலை 5 மணிக்குத்தான் பேனாவை மூடினேன். குளித்துவிட்டு அப்படியே கல்லூரிக்கு வந்தேன். கையெழுத்துக்கு வரிசையில் நின்று ரெக்கார்டை வைத்தேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று மத்தியானம் லேத் ஷாப். ஜாபை சக்கில் மாட்டி இறுக்கினேன். சாவியைச் சக்கிலிருந்து எடுக்காமலேயே மெஷினை ஓட விட்டேன். முதல் வருடம் முதல் நாள் நமக்குச் சொல்லித்தரும் பாடம் அது: "சக் சாவியிலிருந்து கையை எடுக்கிறதுன்னா சாவியோடதான் எடுக்கணும்." எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நிமிடம் நான் நின்றுகொண்டே பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

சாவி பறந்தது. என் மேல் படவில்லை. பக்கத்தில் நின்றிருந்த என் பேட்ச் நண்பனின் வலது மணிக்கட்டில் பட்டது. எலும்பில் கீறல். மாவுக்கட்டு. அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வுகளை அவனால் செய்ய முடியவில்லை. அடுத்த பருவத்தில்தான் செய்தான். அவன் ரெக்கார்டு ஒரு வாரம் முன்பே முடிந்து கையெழுத்தாகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாளும் அவன் என்னைத் திட்டியதில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுடா, என் பேரை மட்டும் போடாதே" என்றான்.

பஸ்ஸில் நான் போட்ட அந்த 20 நிமிடக் கணக்குதான் அவன் மணிக்கட்டில் போய் முடிந்தது. நேரக் கணக்கு தப்பினால் மார்க்குதானே போகும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொன்னேன்.

நாம் மட்டும்தானா?

இல்லை. உலகம் முழுக்க இதே கதைதான்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் "திட்டமிடல் பிழை" என்று சொல்லலாம். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை, அதே மாதிரி வேலைகள் முன்பு இழுத்தடித்தது தெரிந்திருந்தும், மனிதன் குறைத்தே மதிப்பிடுகிறான் என்பதுதான் அது. கானமன் பின்னாளில், 2002-இல், பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

அவர் கதையே சுவையானது. இஸ்ரேலில் ஒரு பாடநூல் தயாரிக்கும் குழுவில் இருந்தார். எவ்வளவு காலம் ஆகும் என்று குழுவினரைத் தனித்தனியே எழுதித்தரச் சொன்னார். எல்லோரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு என்று எழுதினார்கள். பிறகு அந்தக் குழுவிலேயே அனுபவசாலியான ஒருவரிடம், "இதே மாதிரி வேலையில் இறங்கிய மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது?" என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: பத்தில் நான்கு குழு முடிக்கவே இல்லை. முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு ஆனது. வேடிக்கை என்னவென்றால், அதைச் சொன்ன அதே மனிதரும் சற்று முன் "இரண்டு ஆண்டு" என்றுதான் எழுதியிருந்தார்! கடைசியில் அந்தப் புத்தகம் முடிய எட்டு ஆண்டு ஆனது.

நம்மைப் போன்ற மாணவர்களையே வைத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் கனடாவில் செய்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. இறுதியாண்டு ஆய்வேடு எழுதும் உளவியல் மாணவர்களிடம், எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 34 நாள். எல்லாமே நல்லபடி நடந்தால்? 27 நாள். எதுவுமே சரியாக நடக்காவிட்டால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல்! எல்லாம் கெட்டுப்போனால் என்று அவர்களே பயந்து சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது. சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர்தான்.

கட்டடத் துறை நண்பர்களுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓப்பரா அரங்கம், படகுப் பாய் விரித்தது போன்ற கூரையுடன் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1963-இல் முடியும், 70 லட்சம் டாலர் ஆகும் என்றார்கள். திறந்தது 1973-இல். செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். பெரிய பொறியாளர்களுக்கே அப்படி என்றால் நம் ரெக்கார்டு எந்த மூலைக்கு!

"இந்தத் தடவை அப்படி ஆகாது"

ஏன் இப்படி? அனுபவம் இல்லாததாலா? முதல் பருவத்திலிருந்து நமக்கு அனுபவத்துக்கு என்ன குறைச்சல்!

நான் பார்த்தவரை விஷயம் இதுதான். ஒரு வேலையை நினைக்கும்போது நாம் அது நடக்கும் விதத்தை ஒரு சினிமா மாதிரி மனதில் ஓட்டிப் பார்க்கிறோம். அந்த சினிமாவில் கரண்ட் போவதில்லை. பேனா தீர்வதில்லை. அத்தை வீட்டுக்கு வருவதில்லை. நோட்டை இரவல் வாங்கிய நண்பன் ஊரிலேயே இருக்கிறான். படம் முடியும்போது வேலையும் முடிந்துவிடுகிறது!

சரி, போன தடவை தாமதமானதே, அது ஞாபகம் வராதா? வரும். ஆனால் அதற்கு ஒரு காரணம் வைத்திருப்போம். "அப்ப அக்கா கல்யாணம்." "அப்ப எனக்குக் காய்ச்சல்." "அப்ப ஒரே மழை." எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் காரணங்கள் இனி வராது என்பதால் இந்தத் தடவை தாமதம் ஆகாது என்று முடிவு கட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் சறுக்குகிறோம். அக்கா கல்யாணம் ஒரு தடவைதான் வரும், நிஜம். அடுத்த மாதம் தாத்தா ஆஸ்பத்திரியில் இருப்பார். அதற்கடுத்த மாதம் பஸ் ஸ்டிரைக். காரணம் ஒவ்வொரு தடவையும் புதுசு. காரணம் ஏதோ ஒன்று இருப்பது மட்டும் பழசு.

அந்தக் கனடா ஆய்வில் இன்னொரு சங்கதியும் உண்டு. அடுத்தவர் வேலையைக் கணிக்கச் சொன்னபோது இந்த அளவற்ற நம்பிக்கை காணாமல் போனது. தேவைக்கு மேலேயே நேரம் ஒதுக்கினார்கள். நம் ஹாஸ்டலிலும் அதுதானே நடக்கிறது? "அவன் எங்கடா திங்கட்கிழமை வைக்கப்போறான்!" என்று பக்கத்து அறை நண்பனைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிடுகிறோம். அவன் நம்மைப் பற்றி அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். இருவர் சொல்வதும் பலித்துவிடுகிறது.

பழையதை நினைத்துப் பார்த்தால் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் கண்டார்கள். "போன தடவை எவ்வளவு ஆச்சு, இந்த வேலையும் அப்படித்தானே போகும்" என்று பழையதையும் புதியதையும் சேர்த்து முடிச்சுப் போடச் சொன்ன பிறகுதான் மாணவர்களின் கணக்கு நேரானது.

ஒண்ணேகால் நிமிடம்!

இப்போது நம் பாடத்துக்கே வருவோம். ஏனென்றால் எனக்கு ஆச்சரியமே இங்கேதான்.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பியை 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு தடவை கடைய எவ்வளவு நேரம்? வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால், கம்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று சுற்றும். சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் டூல் நகர்ந்தால் நிமிடத்துக்கு 76 மில்லிமீட்டர். ஆக, 100 மில்லிமீட்டருக்கு ஒரு நிமிடம் 20 வினாடி. தேர்வில் இதை எழுதினால் முழு மார்க்.

ஆனால் ஷாப்பில் அந்த ஜாப் முடிய நமக்கு ஒரு மத்தியானம் முழுதும் ஆகிறதே, ஏன்? ஸ்டோரில் டோக்கன் கொடுத்து டூல் வாங்க வேண்டும். "அண்ணே, அந்த அவுட்சைடு காலிப்பர்" என்று கேட்டால் "இப்பத்தான் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்" என்பார். காத்திருக்க வேண்டும். டூலைச் சாணை பிடிக்க வேண்டும். மையம் பார்த்து மாட்ட வேண்டும். ஒரு லேத்துக்கு நாலு பேர் என்றால் முறை வரும்வரை நிற்க வேண்டும். கடைந்து, நிறுத்தி, அளந்து, மறுபடி கடைய வேண்டும். சில்லுகளைப் பெருக்கி எண்ணெய் போட்டு மெஷினைத் துடைக்க வேண்டும். இரும்பு வெட்டுப்படும் நேரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மற்ற நேரம்.

அதனால்தான் எஸ்டிமேஷன் பாடத்தில் கடையும் நேரத்தோடு நிற்கக் கூடாது என்று சொல்லித்தருகிறார்கள். மெஷினைத் தயார் செய்யும் நேரம், மாட்டிக் கழற்றும் நேரம், அளக்கும் நேரம், டூல் மாற்றும் நேரம் எல்லாம் கூட்ட வேண்டும். அதற்கு மேல் களைப்புக்கு ஒரு படி, தண்ணீர் குடிக்க, வெளியே போய் வர ஒரு படி, தவிர்க்க முடியாத தாமதத்துக்கு ஒரு படி. எல்லாம் கூட்டி வருவதுதான் நிர்ணய நேரம். ஒரு தொழிலாளி களைப்பான் என்பதை ஒப்புக்கொண்டு கணக்கில் எழுதி வைத்த பாடம் இது. பதினாறு மார்க் கேள்விக்கு இதை மனப்பாடமாக எழுதுகிறோம். அன்று சாயங்காலமே பஸ்ஸில் உட்கார்ந்து, "ஒரு சோதனைக்கு 20 நிமிஷம்" என்று கடையும் நேரத்தை மட்டும் போட்டுவிட்டுத் தூங்கிப்போகிறோம்!

ஒரு சோதனை என்பது ஒரு வேலையா? பிரித்துப் பாருங்கள். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, படம், அட்டவணை, மாதிரிக் கணக்கு, கிராஃப், முடிவு. ஒன்பது வேலை. "ரெக்கார்டு எழுதணும்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் கனம் தெரிவதில்லை. மூட்டையை அவிழ்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். வேலையைச் சில்லறையாகப் பிரித்து எழுதியவர்கள் கூடுதல் நேரம் மதிப்பிட்டார்கள், நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தார்கள் என்று 2004-இல் வந்த வேறொரு ஆய்வும் காட்டியிருக்கிறது.

மேலாண்மைப் பாடத்தில் பெர்ட் என்று ஒரு முறை படித்தோம். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது. ஒரு வேலைக்கு மூன்று நேரம் சொல்ல வேண்டும்: நல்லபடி நடந்தால், வழக்கம்போல் நடந்தால், கெட்டுப்போனால். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு ரெக்கார்டுக்கு முறையே 6, 9, 24 மணி நேரம் என்று வைத்தால், 6-ம் 36-ம் 24-ம் சேர்ந்து 66; ஆறால் வகுத்தால் 11 மணி நேரம். அன்று எனக்கு ஒரு ரெக்கார்டுக்கு ஆனது பத்து மணி நேரம். பஸ்ஸில் நான் போட்டது நாலு!

ஆனால் ஒரு எச்சரிக்கை. கெட்டுப்போனால் என்ற எண்ணையும் மனதில் தோன்றியபடி போட்டால் பயனில்லை. அந்தக் கனடா மாணவர்களின் 49 நாள் ஞாபகம் இருக்கட்டும். எண் வர வேண்டியது ஆசையிலிருந்து அல்ல, பழைய கணக்கிலிருந்து.

அம்மாவின் நோட்டு

பழைய கணக்கு என்றதும் எனக்கு என் அம்மா ஞாபகம் வருகிறது.

அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிளவுஸ் தைக்கிறார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே, "இனிமே துணி வாங்கிக்க மாட்டேன்கா, பொங்கலுக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிடுவார். எனக்குக் கோபம் வரும். "ஒரு பிளவுஸ் எவ்வளவு நேரம்மா? நீ ஒரு மணி நேரத்துல தைச்சிடுவியே! வர்ற காசை ஏன் விடற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தைக்கிறதுக்கு ஒரு மணி நேரம்டா. கொக்கி வைக்க? கை ஓரம் அடிக்க? மேட்சிங் நூல் வாங்கக் கடைக்குப் போய் வர? தைச்சதை ஒருத்தி போட்டுப் பாத்துட்டு, கொஞ்சம் பிடிக்குதுன்னு திருப்பிக்கிட்டு வருவாளே, அதுக்கு?" என்றார். பிறகு மெஷின் டிராயரிலிருந்து ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். போன தீபாவளிக்கு எந்தத் தேதியில் எத்தனை வாங்கினார், எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தார் எல்லாம் அதில் இருந்தது. அம்மா கற்பனை செய்து பார்ப்பதில்லை. நோட்டைப் பார்த்துச் சொல்கிறார். அவ்வளவுதான் ரகசியம்!

எட்டாம் வகுப்பு படித்த என் அம்மா வைத்திருக்கும் நோட்டு, டிப்ளமோ படிக்கும் என்னிடம் இல்லை. கானமன் பல பக்கம் எழுதிச் சொன்னதும் இதைத்தான்: உள்ளே நின்று திட்டத்தைப் பார்க்காதே, வெளியே வந்து, இதே மாதிரி வேலை முன்பு எவ்வளவு காலம் எடுத்தது என்று பார்.

திருக்குறளில் "காலமறிதல்" என்று ஓர் அதிகாரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அதிகாரம் என்ன என்று பாருங்கள்: "வலியறிதல்". முதலில் வேலையின் கனத்தையும் தன் பலத்தையும் அறி, பிறகு காலத்தை அறி. வரிசையே ஒரு பாடமாக எனக்குப் படுகிறது.

"பிரஷர் இருந்தாத்தான் ஓடும்"

இப்படிச் சொல்லும் நண்பர்கள் உண்டு. "கடைசி நாள் ராத்திரிதான் எனக்கு மூளையே வேலை செய்யும்" என்பார்கள். அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. நார்த்கோட் பார்க்கின்சன் என்பவர் 1955-இல் சொன்னது போல, எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வேலை ஊதிப் பெருத்து அந்த நேரத்தை நிரப்பிக்கொள்ளும். ஒரு மாதம் கொடுத்தால் மட்டும் நாம் ஒரு மாதமும் எழுதுவோமா என்ன?

ஆகவே கூடுதல் நேரம் மட்டும் மருந்தல்ல. நடுநடுவே தேதி வேண்டும். டான் ஆரியலி, கிளாஸ் வெர்ட்டன்ப்ராக் என்ற இருவரின் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மூன்று கட்டுரை எழுத வேண்டிய வகுப்புகளில், ஒன்றுக்குச் சம இடைவெளியில் மூன்று தேதி வைத்தார்கள். இன்னொன்றில் தேதியை மாணவர்களே வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் கடைசி நாள் கொடுத்தாலும் சரி. சம இடைவெளி வகுப்புதான் அதிக மதிப்பெண் வாங்கியது. ஆனால் மற்ற வகுப்பிலும் பெரும்பாலோர் கடைசி நாளை வைக்காமல், முன்னதாகவே தேதி வைத்துத் தங்களைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டார்கள். தங்கள் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரியும்தானே?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நம்மில் பலர் ராத்திரி ஓட்டலில் சப்ளை பார்த்துவிட்டு, விடியற்காலை பேப்பர் போட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் தாமதமாக வைத்தால் அது கணக்குத் தப்பியதால் அல்ல. நாளில் மணி நேரமே மிச்சம் இல்லாததால். சொல்லப்போனால் என் வகுப்பில் நேரத்தைச் சரியாகச் சொல்கிறவனே அப்படி ஒரு நண்பன்தான். "எனக்கு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம்தான்டா இருக்கு, ரெண்டு சோதனை எழுதுவேன்" என்பான். இரண்டுதான் எழுதுவான். இல்லாதவனுக்குத்தான் அளவு தெரியும் போலிருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை

தப்பு முழுக்க நம் தலையில்தானா? மரியாதையோடு ஒன்று சொல்ல அனுமதியுங்கள்.

மூன்று ஆய்வகத்தின் ரெக்கார்டுக்கும் ஒரே திங்கட்கிழமை கடைசி நாள் என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு சாரும் தன் ரெக்கார்டு ஒன்றை மட்டும் மனதில் வைத்துத்தான் தேதி சொல்கிறார். அவர் கணக்கில் தப்பில்லை. மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அதுதான் குறை. அதே வாரத்தில் ஒரு சார் அறுபது பேருடைய ரெக்கார்டில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்க்க நேரம் ஏது? நாமும் பார்த்து எழுதுகிறோம், அவரும் பார்க்காமல் போடுகிறார். பென்ச்சுரி மீட்டர் என்று எழுதிய பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது! இதில் கற்றவர் யார், கற்பித்தவர் யார்?

ஆகவே நம் மாணவர் பேரவை வரும் ஆண்டு மூன்று காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: பருவம் தொடங்கும்போதே துறைத்தலைவர்களைச் சந்தித்து, எல்லா ரெக்கார்டு, டிராயிங் ஷீட், அசைன்மென்ட் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி மாற்றித் தரும்படி வேண்ட வேண்டும். அந்தத் தாள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு: இந்த வாரம் செய்த சோதனையை அடுத்த வாரம் அதே ஆய்வக வகுப்பில் ரெக்கார்டில் காட்டினால்தான் அடுத்த சோதனை என்ற வழக்கம் வர வேண்டும். முதலில் நாமே முணுமுணுப்போம். ஆனால் வாரம் ஒரு சோதனை என்றால் 50 நிமிடம். யாருடைய மணிக்கட்டும் உடையாது.

மூன்று: ஒவ்வொரு சோதனையின் முடிவுக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம். அதில் இரண்டு வரி: "மதிப்பிட்ட நேரம்", "ஆன நேரம்". மார்க் வேண்டாம், யாரும் பார்த்துத் திட்ட வேண்டாம். ஆனால் அடுத்த ஆண்டு தம்பி தங்கைகள் சீனியர் ரெக்கார்டை வாங்கும்போது, விடையை மட்டும் பார்த்து எழுதாமல், அது எவ்வளவு நேர வேலை என்பதையும் தெரிந்துகொள்வார்கள். இன்று வாட்ஸ்அப்பில் ரெக்கார்டின் படம் வருகிறது. அதை எழுத ஆன நேரம் மட்டும் வருவதில்லை.

முடிவாக...

நண்பர்களே! நாளை நாம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக நிற்போம். சைட்டில் நிற்போம். "இந்த ஜாப் எப்ப முடியும்?" என்று மேலாளர் கேட்பார். நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பிப் பத்துத் தொழிலாளர்கள் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பார்கள். அவசரக் கணக்கு போட்டது நாமாக இருப்போம். களைத்துப்போய் மெஷின் முன் நிற்பது வேறு ஒருவராக இருப்பார். அன்று என் நண்பன் நின்றானே, அதுபோல. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நேரத்தையும் அப்படித்தான் போட வேண்டியிருக்கிறது.

நான் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்ததுதான். எந்த வேலையும் தொடங்கும்முன் ஒரு எண் எழுதுகிறேன், முடிந்ததும் ஒரு எண் எழுதுகிறேன். இரண்டும் இன்னும் ஒன்றாகவில்லை. ஆனால் இடைவெளி குறைந்திருக்கிறது. பெரும்பாலும் நான் நினைப்பதை இரண்டால் பெருக்கினால் நிஜத்துக்குப் பக்கத்தில் வருகிறது. உங்களுக்கு என்ன எண் வருகிறது என்று நீங்களும் எழுதிப் பாருங்களேன்!

செயலாளர் வாசலில் நிற்கிறார். நோட்டில் எழுதிவிட்டுக் கட்டுரையைக் கொடுக்கிறேன்.

ஆண்டு மலர் கட்டுரை. மதிப்பிட்ட நேரம்: 2 நாள். ஆன நேரம்: 19 நாள்.